செல்லுக்குள் ஒரு கைனேஸை அடக்குவது எப்படி? முழுமையான வழிகாட்டி

பிஎல்கே1 ஒரு புரத கைனேஸ். செல் பிரியும்போது குரோமோசோம்கள் சரியாகப் பங்கிடப்பட இது தேவை. பல புற்றுநோய்களில் இது அளவுக்கு மீறிக் காணப்படுகிறது. மருந்து இதன் செயலைத்தான் தடுக்கும். எஸ்ஐஆர்என்ஏ என்ற குறுகிய இரட்டை இழை ஆர்என்ஏ, புரதத்தின் அளவையே குறைக்கும். ஹீலா செல்களில் இதைச் செய்யும் முறையைப் பார்ப்போம்.

அடிப்படை

எஸ்ஐஆர்என்ஏ செயல்படும் வழியான ஆர்என்ஏ குறுக்கீட்டை 1998-இல் ஆண்ட்ரூ ஃபயரும் கிரேக் மெல்லோவும் புழுக்களில் விளக்கினர். 2006-இல் நோபல் பரிசு பெற்றனர். 21 நியூக்ளியோடைடு நீள இரட்டை இழைகள் பாலூட்டிகளின் செல்களிலும் வேலை செய்யும் என்று 2001-இல் தாமஸ் டுஷ்லின் குழு காட்டியது. இரண்டில் ஓர் இழை ஆர்கோனாட்-2 புரதத்துடன் சேர்ந்து, தனக்குப் பொருந்தும் தூது ஆர்என்ஏவை வெட்டுகிறது. புதிய புரதம் உருவாவது குறையும். பழையது சிதையும்வரை காத்திருக்க வேண்டும்.

படி 1: குழிகளைத் திட்டமிடுங்கள்

ஆறு குழித் தட்டில் ஐந்து குழிகள் போதும்: எதுவும் சேர்க்காதது, எஸ்ஐஆர்என்ஏவைச் செல்லுக்குள் கொண்டுசெல்லும் லிப்பிட் மட்டும், எந்த மரபணுவையும் குறிவைக்காத எஸ்ஐஆர்என்ஏ, பிஎல்கே1-இன் வெவ்வேறு பகுதிகளைக் குறிவைக்கும் இரண்டு எஸ்ஐஆர்என்ஏக்கள்.

படி 2: செல்களை விதையுங்கள்

குழிக்குச் சுமார் 2 லட்சம் செல்கள். மறுநாள் தரைப்பரப்பில் 30 முதல் 50 சதவீதம் நிறைந்திருக்க வேண்டும். அப்போது ஊடகத்தை மாற்றி, ஆன்டிபயாடிக் இல்லாத 1.7 மி.லி. புதிய ஊடகம் விடுங்கள்.

படி 3: உள்ளே செலுத்துங்கள்

கையுறை அணியுங்கள், ஆர்என்ஏஸ் இல்லாத குழாய்களையே பயன்படுத்துங்கள். 20 மைக்ரோமோலார் எஸ்ஐஆர்என்ஏ கரைசலில் 1 மைக்ரோலிட்டரை 150 மைக்ரோலிட்டர் சீரமற்ற ஊடகத்தில் கலக்குங்கள். இன்னொரு குழாயில் அதே அளவு ஊடகத்தில் லிப்பிட். இரண்டையும் சேர்த்து, தயாரிப்பாளர் சொல்லும் நேரம் வைத்திருந்து, செல்கள் மேல் சொட்டுச் சொட்டாக விடுங்கள். குழியில் மொத்தம் 2 மி.லி., செறிவு 10 நானோமோலார். செறிவைத் தேவையின்றி ஏற்றினால், குறிவைக்காத மரபணுக்களும் பாதிக்கப்படும்.

படி 4: அளவிடுங்கள்

24 மணி நேரத்தில் தூது ஆர்என்ஏவை க்யூபிசிஆரிலும், 48 மணி நேரத்தில் புரதத்தை வெஸ்டர்ன் பிளாட்டிலும் பாருங்கள். பிஎல்கே1 குறைந்த செல்கள் பிரிதலின் நடுவே நின்று, உருண்டு, தரையை விட்டுப் பிரிந்துவிடும். ஊடகத்தில் மிதப்பவற்றையும் சேகரியுங்கள். அவற்றைக் கொட்டிவிட்டால் அதிகம் பாதிக்கப்பட்ட செல்களே கணக்கில் வராமல் போகும். இன்னொன்று: பிரியும் செல்களில் பிஎல்கே1 இயல்பாகவே அதிகம். செல்கள் அந்நிலையில் குவிவதால், வெஸ்டர்ன் பிளாட்டில் தெரியும் பட்டை, அடக்கத்தை உண்மையைவிடக் குறைவாகக் காட்டலாம்.

படி 5: உறுதிப்படுத்துங்கள்

இரண்டு எஸ்ஐஆர்என்ஏக்களும் ஒரே விளைவைத் தர வேண்டும். ஒன்றில் மட்டும் தெரியும் விளைவை நம்பாதீர்கள். அடுத்து, எஸ்ஐஆர்என்ஏவால் வெட்ட முடியாதபடி, அமினோ அமில வரிசை மாறாமல் எழுத்துகளை மாற்றிய பிஎல்கே1 மரபணுவைச் செலுத்துங்கள். செல்கள் மீண்டும் இயல்பாகப் பிரிந்தால், விளைவுக்குக் காரணம் பிஎல்கே1 இழப்புதான் என்று துணிந்து எழுதலாம். புற்றுநோய் மருந்துக்கான இலக்காக ஒரு கைனேஸைப் பரிந்துரைப்பவர் இந்தச் சோதனையைத் தவிர்க்கக் கூடாது.