உங்க சம்பளத்துல வரி பிடிச்சா அப்பாவோட 2,000 ரூபாய் நின்னுடுமா?

வீடு வேப்பம்பட்டுல, வேலை அம்பத்தூர்லயோ கும்மிடிப்பூண்டி சிப்காட்லயோ, ஊர்ல அப்பா பேர்ல ரெண்டு ஏக்கர் நிலம். இப்படி இருக்கிறவங்க என்கிட்ட அடிக்கடி கேட்கிறது: "நான் ஐடிஆர் ஃபைல் பண்றேன், அப்பாவுக்கு வர்ற பிஎம் கிசான் நின்னுடுமா?"

நிக்காது. ஆனா சில வீடுகள்ல நிக்கத்தான் வேணும். அது எந்த வீடுன்னு தெரிஞ்சுக்கணும்.

2019 பிப்ரவரியில தொடங்கின திட்டம் இது. வருஷத்துக்கு 6,000 ரூபாய், மூணு தவணையா வங்கிக் கணக்குக்கே வரும். முதல்ல 2 ஹெக்டேர் வரைன்னு வரம்பு இருந்தது, அதே வருஷம் அதை எடுத்துட்டாங்க. தொகை மட்டும் அதே 6,000-லயே நிக்குது. உரமும் கூலியும் அப்படி நிக்கல!

இந்தத் திட்டத்துல 'குடும்பம்'னா கணவன், மனைவி, 18 வயசு ஆகாத பிள்ளைகள். அவ்வளவுதான். ரேஷன் கார்டுல உங்க பேர் இருக்கா இல்லையாங்கிறது இங்க கணக்கு இல்லை. நீங்க மேஜர், அதனால உங்க வரி அப்பாவோட தகுதியைத் தொடாது. ஆனா அம்மா வேலைக்குப் போய் வரி கட்டினா, நிலம் அப்பா பேர்ல இருந்தாலும் கிடைக்காது.

விதி சொல்றது கடந்த மதிப்பீட்டு ஆண்டுல வருமான வரி 'கட்டினவர்'. ரிட்டர்ன் தாக்கல் பண்றது வேற, வரி கட்டறது வேற. கழிவு போக வரியே வராதவர், ரிட்டர்ன் போட்டதால மட்டும் வெளியே போக மாட்டார்.

சிக்கல் வர்றது பட்டா மாறும்போதுதான். அப்பா காலமானா அவர் பேர்ல வர்ற தவணை நிக்கணும். நிலம் வாரிசா அம்மா பேருக்கு வந்தா அவங்க விண்ணப்பிக்கலாம். உங்க பேருக்கு வந்து, நீங்களோ உங்க மனைவியோ வரி கட்டறவங்களா இருந்தா, உங்களுக்குத் தகுதி இல்லை. அரசு வேலையில இருந்து ரிடையர் ஆனவங்களுக்கும் கிடையாது, நாலாம் நிலை ஊழியர்களுக்கு மட்டும் விலக்கு. நம்ம பக்கம் நிறைய நடக்கிற மாதிரி வயல் லேஅவுட் ஆகி மனையா நின்னா, அது சாகுபடி நிலமே இல்லை.

"2,000 ரூபாய்தானே, யார் பார்க்கப் போறாங்க"ன்னு நினைக்காதீங்க. 2020-ல விழுப்புரம், கள்ளக்குறிச்சி, கடலூர்னு பல மாவட்டங்கள்ல தகுதி இல்லாத லட்சக்கணக்கானவங்க பட்டியல்ல சேர்க்கப்பட்டது வெளியே வந்தது. சிபிசிஐடி விசாரிச்சது, கணக்குகள்ல இருந்து பணம் திரும்ப எடுக்கப்பட்டது. அதுல பலர் இடைத்தரகர் பேச்சை நம்பி ஆதார் நகல் கொடுத்தவங்க. தகுதி இல்லைன்னு தெரிஞ்சா பிஎம் கிசான் இணையதளத்துலயே திட்டத்தை விட்டுக்கொடுக்கலாம், வாங்கின பணத்தைத் திருப்பியும் கட்டலாம்.

தகுதி இருந்தும் பணம் வரலையா? இ-கேஒய்சி முடிஞ்சிருக்கான்னு முதல்ல பாருங்க. அடுத்தது ஆதார். எந்த வங்கிக் கணக்கோட ஆதார் கடைசியா இணைஞ்சிருக்கோ, பணம் அங்கதான் போகும். அப்பா எப்பவோ திறந்து மறந்துபோன கணக்குல நாலு தவணை சேர்ந்து கிடக்கலாம், அந்தப் பாஸ்புக்கையும் ஒரு தடவை என்ட்ரி போட்டுப் பாருங்க.