தூர்வாரினால் ஏரி பிழைத்துவிடுமா?

திருத்தணி, கனகம்மாசத்திரம் பக்கம் ஏரி நாறுகிறது என்று பேச்செடுத்தாலே, "தூர்வாரிட்டா சரியாயிடும்" என்கிறார்கள். ஆகாது. ஊட்டி ஏரியைப் பாருங்கள். 1820களில் கலெக்டர் ஜான் சல்லிவன் உருவாக்கியது. அதன் பழைய பரப்பில்தான் பஸ் நிலையமும் குதிரைப் பந்தய மைதானமும் எழுந்தன. ஊர் பெருகப் பெருக, விடுதி, வீடு, மார்க்கெட் கழிவெல்லாம் கோடப்பமந்து கால்வாயில் இறங்கி ஏரிக்கு வந்தது. சேற்றை அள்ளினாலும் கால்வாயில் வரும் கழிவு நிற்கவில்லை, ஆகாயத்தாமரையும் விடவில்லை. அதற்குத் தீனி, கழிவுநீரில் வரும் பாஸ்பரஸும் நைட்ரஜனும். வாய்ப்பான சூழலில் இரண்டே வாரத்தில் இரட்டிப்பாகும் செடியை வருடத்துக்கு ஒருமுறை அள்ளுவது வீண் செலவு.

"சேற்றிலும் பாஸ்பரஸ் இருக்கிறதே?" என்று கேட்பார்கள். இருக்கிறது. சுவீடனின் டிரும்மன் ஏரியில் 1970, 71-இல் சேற்றை உறிஞ்சி எடுத்ததும் நீர் தேறியது உண்மைதான். ஆனால் அங்கே கழிவுநீரைப் பல ஆண்டுகளுக்கு முன்பே நிறுத்திவிட்டார்கள். அதைச் சொல்லாமல் தூர்வாருதலை மட்டும் புகழ்வது பாதி உண்மை. அமெரிக்காவின் சியாட்டில் நகரிலுள்ள வாஷிங்டன் ஏரியில் தூர்வாரவே இல்லை. 1963 தொடங்கி 1968-க்குள் கழிவுநீரைத் திசைதிருப்பினார்கள். சில ஆண்டுகளில் பாசி அடங்கி நீர் தெளிந்தது. வரிசை மாறக்கூடாது: முதலில் வரத்து, பிறகு வண்டல். கொள்ளளவைக் கூட்டத் தூர்வாருவது வேறு வேலை. அதை நான் எதிர்க்கவில்லை.

மற்ற நம்பிக்கைகளுக்கு அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஏரியைக் கெடுப்பது படகுச் சவாரி என்பார்கள். மிதி படகு எந்தக் கழிவையும் கொண்டுவருவதில்லை. மழை கழுவிவிடும் என்பார்கள். முதல் மழைதான் தெரு அழுக்கை மொத்தமாக ஏரியில் சேர்க்கிறது. ஆகாயத்தாமரை நீரைச் சுத்தம் செய்யும் என்பார்கள். அள்ளாமல் விட்டால் அழுகி, உறிஞ்சியதையெல்லாம் நீரிலேயே விட்டுவிடும்.

சென்னை–திருப்பதி சாலையோரம் மனைப்பிரிவு போடுபவர்கள் வரத்துக் கால்வாயைச் சாக்கடையாக்கினால், கரையில் நடைபாதையும் பூங்காவும் அமைத்து என்ன பயன்? மனைப்பிரிவுக்கு அனுமதி கொடுக்கும்போதே கழிவுநீர் எங்கே போகும் என்று வரைபடத்தில் காட்டச் சொல்லுங்கள். செப்டிக் டேங்க் லாரி எங்கே கொட்டுகிறது என்பதைக் கிராம சபையில் கேளுங்கள். தூர்வாரும் டெண்டரை அதற்குப் பிறகு விடலாம்.