மண்வாசனையைப் படம் பிடித்தவர்கள்

கோடை மழையின் முதல் துளிகள் நம் திண்டுக்கல் செம்மண்ணில் விழுந்து தெறிப்பதை எல்லாரும் கண்டிருக்கிறோம். உண்மையில் கண்டது பாவாடையில் ஒட்டிய சேற்றைத்தான், தெறித்த விதத்தையன்று.

பெரிய மழைத்துளி நொடிக்கு ஏறத்தாழ 9 மீட்டர் வேகத்தில் இறங்குகிறது. சினிமாக் காமிரா நொடிக்கு 24 படங்கள் எடுக்கும். ஒரு படத்துக்கும் அடுத்ததற்கும் இடையே துளி 37 சென்டிமீட்டர் கடந்துவிடுமே! அதிவேகக் காமிராவோ நொடிக்கு ஆயிரம் படங்களும் அதற்கு மேலும் எடுக்கவல்லது. அந்த ஆயிரத்தை நொடிக்கு 24 வீதம் திரையில் ஓட்டினால், ஒரு நொடி நிகழ்ச்சி ஏறக்குறைய 42 நொடிகள் நீளும். ஒவ்வொரு படத்துக்கும் கிடைக்கும் ஒளி மிகக் குறைவாதலால் கண் கூசும் விளக்குகள் வேண்டும்.

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் கல்லன் பூயி, யங்சூ ஜோங் என்னும் இருவர் பலவகை மண்ணில் துளிகளை விழச்செய்து இவ்வாறு படமெடுத்து, 2015-இல் முடிவை வெளியிட்டனர். துளி மண்ணைத் தொட்டதும், மண்துளைகளிலுள்ள காற்று அதனடியில் சிக்கிக் குமிழிகளாகிறது. அவை சோடாக் குமிழிகளைப் போல் மேலேறி வெடித்து நுண்ணிய திவலைகளை வீசுகின்றன. மண்ணின் மணம் இவற்றில் ஏறியே காற்றில் பரவுகிறது என்பது அவர்கள் கருத்து. கொட்டும் மழையைவிட மெல்ல விழும் மழையில்தான் திவலைகள் மிகுதியாம். இதை என் பாட்டி காமிரா இல்லாமலே சொல்லுவார்! மண்ணிலுள்ள பாக்டீரியாக்களும் உயிருடன் இத்திவலைகளில் ஏறிச் செல்வதை 2017-இல் பூயியின் குழுவினர் கண்டறிந்தனர்.