அப்புத்தளையில் மலையை வெட்டியது யார்?

கேள்வி: அப்புத்தளை டவுனில் நின்று தெற்கே பார்த்தால் மலை கத்தியால் வெட்டியதுபோல் சட்டென்று முடிகிறது. கீழே வெல்லவாயப் பக்கம் ஒரே தட்டை நிலம். முன்னொரு காலம் எரிமலை வெடித்து மலையின் மறுபாதி போய்விட்டது என்று எங்கள் தோட்டத்துப் பெரியவர்கள் சொல்வார்கள். நிலநடுக்கத்தில் தரை கீழே இறங்கிவிட்டது என்கிறான் பேரன். எது சரி? இந்த விளிம்பு எங்கள் லயத்துப் பக்கம் நகர்ந்து வருமா?
– ஓய்வுபெற்ற கணக்கப்பிள்ளை, அப்புத்தளை

பதில்: ஐயா, ஒரே கேள்வியில் மூன்றைச் சுருட்டி வைத்திருக்கிறீர்கள். செக்ரோல் எழுதிய கை அல்லவா!

எரிமலையை முதலில் அனுப்பிவிடுவோம். எரிமலை நின்ற இடத்தில் அது கக்கிய குழம்பு உறைந்து கிடக்கும், சாம்பல் படிந்திருக்கும். இந்த மலைகளில் அப்படி ஒன்றும் இல்லை. “கன்னியாவிலும் மஹாஓயாவிலும் வெந்நீர் ஊற்று இருக்கிறதே?” என்று அடுத்துக் கேட்பார்கள். மழைநீர் பாறை விரிசல் வழியே வெகு ஆழம் இறங்கிச் சூடேறித் திரும்பி வருகிறது, அவ்வளவுதான். அதற்கு அடியில் நெருப்புக் குழம்பு வேண்டியதில்லை.

இங்கே இருக்கிற பாறை வேறு கதை சொல்கிறது. பெரகலைப் பக்கம் வீதிக்காக வெட்டிய பாறைச் சுவரை, மழை விட்டு வெயில் அடிக்கும்போது கிட்டப்போய்ப் பாருங்கள். வெள்ளையும் கறுப்பும் பட்டை பட்டையாக ஓடும். நடுநடுவே மிளகளவில் சிவப்பு மணிகள் தெரிந்தால் அது கார்னெட் என்ற கனிமம். மாதுளம்பழத்தை வைத்து ஐரோப்பியர் இட்ட பெயர். அந்தப் பழத்தின் முத்தைப் பார்த்தால் ஏன் என்று புரியும். இந்தப் பாறையில் அந்த மணி விளைய வேண்டுமானால் 20, 30 கிலோமீட்டர் ஆழத்து அமுக்கமும் வெப்பமும் வேண்டும். நீங்கள் கைவைக்கும் பாறை ஒருகாலத்தில் அவ்வளவு கீழே கிடந்து வெந்தது. சுமார் 55 கோடி ஆண்டுகளுக்கு முன், கண்டங்கள் மோதி ஒட்டிக் கொண்டுவானா என்ற பெருங்கண்டமாகச் சேர்ந்த காலம் அது. கவ்வாத்து வெட்டிய மலைக்குத் தூவுகிற டொலமைட்டும் இந்தக் கூட்டத்தைச் சேர்ந்ததுதான். அதற்கும் முந்திய கடலடியில் படிந்த சுண்ணாம்பு, அதே மோதலில் வெந்து பளிங்காகியது. உங்கள் ஆட்கள் ஒரு பழங்கடலை மூட்டை மூட்டையாக மலையேற்றியிருக்கிறார்கள்.

இப்போது பேரன். பூமியின் விறைத்த மேலோட்டைக் கற்கோளம் என்கிறோம். அது பல தகடுகளாக உடைந்திருக்கிறது. பெரிய நிலநடுக்கங்கள் பெரும்பாலும் தகடுகளின் ஓரத்தில்தான் வரும். நமக்குக் கிட்டிய ஓரம் சுமாத்திராப் பக்கம், ஆயிரம் கிலோமீட்டருக்கும் அப்பால். 2004 சுனாமி அங்கிருந்து வந்தது. நாமோ தகட்டின் உள்வீட்டில் இருக்கிறோம். 2023 பெப்ரவரியில் புத்தல, வெல்லவாயப் பகுதியில் நில அதிர்வு வந்தது உண்மை; அதன் அளவு சுமார் 3தான். அது அலுமாரிக் கண்ணாடியை ஆட்டும், மலையைப் பிளக்காது. ஆனாலும் பேரன் தனியாள் இல்லை. 1940களில் டி. என். வாடியா என்ற பெரிய புவியியலாளர், மலைநாடு ஒரே பாளமாக மேலே தள்ளப்பட்டது என்றே வாதித்தார். அதற்கு முன் 1929இல் ஆடம்ஸ் என்பவர், ஆறுகள் அரித்த மூன்று படிகளாக இலங்கையைப் பார்த்தார். நான் அரிப்புக் கட்சி.

ஏன் என்றால், 30 கிலோமீட்டர் ஆழத்துப் பாறை இன்று வெளியே நிற்கிறது. மேலே மூடியிருந்ததெல்லாம் போனால்தானே அது நடக்கும்? கொழுந்து லொறியை நினைத்துக்கொள்ளுங்கள். மூட்டைகளை இறக்க இறக்க ஸ்பிரிங் தளர்ந்து லொறி நிமிரும். கற்கோளமும் அப்படியே; அடியில் இருப்பது கனத்த, மெல்ல இளகிக்கொடுக்கும் பாறை, அதன்மேல் இது மிதக்கிறது. ஒரு மீட்டர் அரித்துப் போனால் அடியிலிருந்து கிட்டத்தட்ட 80 சென்டிமீட்டர் எழும்பிவிடும். இதைச் சமநிலை மிதப்பு என்பார்கள். மலை தேயத் தேய உயர்ந்துகொண்டும் இருக்கிறது.

சரி, விளிம்பு ஏன் தெற்கே மட்டும் இவ்வளவு செங்குத்து? இதல்கஸ்ஹின்ன ஸ்டேஷனில் இறங்கிப் பாருங்கள். பாதைக்கு வடக்கே விழும் மழை உமா ஓயா வழியாக மகாவலியில் சேர்ந்து, தீவைச் சுற்றிப் பார்ப்பதுபோல் போய்த் திருகோணமலையில் கடலைத் தொடுகிறது. தெற்கே விழும் மழைக்கு அந்தப் பொறுமை இல்லை. வளவை, கிரிந்தி ஓயா என்று நேரே கடலுக்கு இறங்கும் குறுக்குவழி. தூரம் குறைய, சரிவு கூடும். சரிவு கூட, வெட்டும் வேகமும் கூடும். தெற்கத்திய ஓடைகள் மலையின் காலை அரிக்கின்றன, தலை தானே உடைந்து விழுகிறது, சுவர் அப்படியே வடக்கே பின்வாங்குகிறது. 263 மீட்டர் பம்பரகந்த நீர்வீழ்ச்சியும் 220 மீட்டர் தியலும நீர்வீழ்ச்சியும் இந்தச் சுவரில் தொங்குவது தற்செயல் இல்லை. மலையின் மறுபாதி எங்கேயும் பறந்துபோகவில்லை, ஐயா. மணலாகவும் சேறாகவும் கடலுக்குப் போய்விட்டது.

உங்கள் லயத்துக்கு வருவோம். சராசரியாகப் பார்த்தால் மலைநாட்டில் இயற்கை அரிப்பு ஆயிரம் ஆண்டுக்குச் சில மில்லிமீட்டரிலிருந்து சில சென்டிமீட்டர் வரைதான். அப்புத்தளை டவுன் விளிம்பிலிருந்து விழ உங்கள் பேரனின் பேரனும் காத்திருக்க முடியாது. ஆனால் சராசரி என்பது கணக்கப்பிள்ளைக்குத் தெரிந்த தந்திரம்தானே: ஒருநாள் 30 கிலோ கொழுந்து, மறுநாள் 10 கிலோ, சராசரி 20. சுவரும் பல நூறு ஆண்டு சும்மா நின்றுவிட்டு ஒரு காலையில் மொத்தமாகக் கணக்கு முடிக்கும். உடைந்து விழுந்த பாறையும் மண்ணும் சுவரடியில் தளர்ந்து குவிந்து கிடக்கின்றன. தோண்டச் சுலபம், நீரூற்று உண்டு, ஓரளவு சமதரை; அதனால் அங்கே தேயிலையும் நட்டார்கள், லயமும் கட்டினார்கள். கொஸ்லந்தை மீரியபெத்த அப்படிப்பட்ட இடம். 2014 ஒக்டோபர் 29 காலை, பெருமழை குடித்துக் கனத்த மண் லயங்களின்மேல் இறங்கியது. 2005இலும் 2011இலும் அங்கே இருக்க வேண்டாம் என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் சொல்லியிருந்தது. சொல்வது ஒன்று, போக வேறு இடமும் வீடும் கொடுப்பது இன்னொன்று.

ஆகவே நீங்கள் கவனிக்க வேண்டியது டவுன் விளிம்பை அல்ல. அடைமழை நாட்களில் லயத்துக்கு மேலே உள்ள மலையில் ஒருமுறை நடந்து பாருங்கள். தரையில் புது வெடிப்பு, சாய்ந்து நிற்கும் சவுக்கு, இறுகிப்போய்த் திறக்காத கதவு, தெளிவாக ஓடிய பீலித் தண்ணீர் திடீரென்று கலங்குவது அல்லது நிற்பது, காய்ந்து கிடந்த இடத்தில் புதிதாக ஊற்று. இவற்றில் ஒன்றைக் கண்டாலும் விடியட்டும் என்று பார்க்காமல் ஆட்களை எழுப்பிக் கிளப்புங்கள். கிராம சேவகருக்குப் போகும் வழியில் சொல்லிக்கொள்ளலாம்.