எல்லை ஊரில் கல்யாணப் படம்: இந்தத் தொழிலுக்கு வருகிறவர்களுக்கு

பள்ளிப்பட்டில் ஒரே முகூர்த்த நாளில் விடியற்காலை ஒரு தமிழ்க் குடும்பத்துக் கல்யாணம், இரவு ஒரு தெலுங்குக் குடும்பத்துக் கல்யாணம் என்று இரண்டையும் எடுக்க வேண்டிவரும். ஆந்திரத்தின் சித்தூர் மாவட்டத்தில் இருந்த எங்கள் திருத்தணி வட்டாரம் 1960 ஏப்ரல் 1 அன்றுதான் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. எல்லைக்கோடு மாறினாலும் சம்பந்தங்கள் மாறவில்லை. எல்லைக்கு அந்தப் பக்கம் நகரி, புத்தூரில் பெண் கொடுப்பதும் எடுப்பதும் இன்றும் நடக்கிறது. இங்கே தொழில் செய்து நான் தெரிந்துகொண்டது இதுதான்: முதலில் சடங்கைப் படியுங்கள், அடுத்து வெளிச்சத்தைப் படியுங்கள், விலை உயர்ந்த கேமராவைக் கடைசியாக வாங்குங்கள்.

சடங்கு தெரிந்தால் பாதி வேலை முடிந்தது

தமிழ்க் கல்யாணத்தில் கெட்டிமேளம் முழங்கும்போது தாலி ஏறும். எல்லோருடைய கண்ணும் அந்தச் சில நொடிகள் மேல்தான். தெலுங்குக் கல்யாணத்தில் சுமுகூர்த்தம் தாலிக்கு முன்பே வந்துவிடும். பெண்ணுக்கும் மாப்பிள்ளைக்கும் நடுவே திரை பிடித்திருப்பார்கள். சீரகத்தையும் வெல்லத்தையும் சேர்த்து அரைத்து, வெற்றிலையில் வைத்து, ஒருவர் தலையில் ஒருவர் வைப்பார்கள். ஜீலகர்ர பெல்லம் என்பது அதுதான். திரை விலகி இருவரும் ஒருவரை ஒருவர் பார்க்கும் பார்வைதான் அந்த ஆல்பத்தின் முதல் படம். தாலிக்காகக் காத்திருப்பவருக்கு அது கிடைக்காது. அதனால் முதல் நாளே புரோகிதரிடம் போய், "சாமி, எதுக்கு அப்புறம் எது வரும், நீங்க எந்தப் பக்கம் உட்காருவீங்க?" என்று கேட்டுவிடுங்கள். மனம் கோணாமல் சொல்வார்கள். நாம் நிற்க இடமும் விடுவார்கள்.

கருவி: எதை முதலில் வாங்குவது?

புதிதாக வருகிறவர்கள் இருக்கிற பணம் முழுவதையும் கேமரா பாடியில் போட்டுவிடுகிறார்கள். என் வரிசை வேறு. இரண்டு ஃபிளாஷ், ஒரு டிரிகர், இரண்டு ஸ்டாண்டு, இரண்டு வெள்ளைக் குடை முதலில். அடுத்து எஃப் 1.8 திறப்புள்ள 35 மி.மீ., 85 மி.மீ. லென்ஸ்கள். பாடி பழையதாக இருந்தாலும் போதும். ஆனால் இரண்டு கார்டு போடும் வசதி கட்டாயம் வேண்டும். ஒரே படம் இரண்டு கார்டிலும் பதிவாகும்படி வையுங்கள். கல்யாணத்தை மறுபடி நடத்தச் சொல்ல முடியாது. படங்களுக்கு மூன்று பிரதிகள் வேண்டும். அவை இரண்டு வகைச் சேமிப்பில் இருக்கட்டும், ஒன்று கடைக்கு வெளியே வேறு இடத்தில் இருக்கட்டும். ஆல்பம் கைக்குப் போய்ச் சேரும்வரை கார்டை ஃபார்மேட் செய்யாதீர்கள். இரண்டாவது பாடி வாங்க முடியாவிட்டால் முகூர்த்தத்துக்கு மட்டுமாவது வாடகைக்கு எடுங்கள்.

மண்டபத்து வெளிச்சம்

சிற்றூர் மண்டபத்தில் மூன்று நான்கு வகை விளக்குகள் ஒன்றாக எரியும். சீலிங்கில் வெள்ளை டியூப், மேடையில் மஞ்சள் ஃபோகஸ், ஓரங்களில் நிறம் மாறும் சீரியல், பின்னால் எல்இடி திரை. ஆட்டோ ஒயிட் பேலன்ஸை நம்பினால் பெண்ணின் முகம் படத்துக்குப் படம் நிறம் மாறும். மேடையில் எந்த விளக்கு அதிகமோ அதற்கேற்பக் கெல்வினைக் கையால் வையுங்கள். மஞ்சள் விளக்கு அதிகமென்றால் 3200 பக்கம். அப்போது ஃபிளாஷின் வெள்ளை ஒளி நீலமாகத் தெரியும் என்பதால் அதன் முகப்பில் ஆரஞ்சு ஜெல் ஒட்ட வேண்டும்.

படத்தில் கோடு கோடாக விழுவதற்கும் காரணம் விளக்குதான். நம் மின்சாரம் நொடிக்கு 50 சுற்று. டியூப் லைட்டும் மலிவான எல்இடியும் நொடிக்கு 100 முறை கூடிக் குறையும். ஷட்டரை 1/50 அல்லது 1/100இல் வைத்தால் வெளிச்சம் சீராக விழும். எலக்ட்ரானிக் ஷட்டரை அணைத்துவிட்டு மெக்கானிக்கலில் எடுங்கள். தெலுங்குக் கல்யாணத்தில் பெண்ணும் மாப்பிள்ளையும் ஒருவர் தலையில் ஒருவர் கொட்டும் தலம்பிராலு அரிசி காற்றில் நிற்க வேண்டுமா? ஃபிளாஷ் முக்கிய ஒளியாக இருந்தால் அதன் மின்னலே அரிசியை நிறுத்திவிடும்.

ஃபிளாஷை நேராக அடித்தால் பட்டுப்புடவையின் ஜரிகை வெந்து வெளுக்கும், நெற்றியில் எண்ணெய்ப் பளபளப்பு தெரியும். மேடையின் இரு பக்கமும் நாற்பத்தைந்து பாகையில், தலைக்கு மேலே, குடை வைத்து அடியுங்கள். ஸ்டாண்டின் காலில் மணல் மூட்டை வையுங்கள், ஒயரைத் தரையோடு டேப் ஒட்டுங்கள். குழந்தைகள் ஓடும் இடம் அது. கூரையில் அடித்து ஒளியைத் திருப்புவது வெள்ளைக் கூரைக்கு மட்டும்தான். சிவப்பு சாமியானாவில் அடித்தால் எல்லோர் முகமும் சிவக்கும். குடும்பப் படத்தில் இன்னொரு கணக்கு: விளக்கிலிருந்து தூரம் இரண்டு மடங்கானால் வெளிச்சம் நான்கில் ஒன்றாகக் குறையும். விளக்கைக் கிட்டே வைத்தால் முன்வரிசை வெளுத்து, பின்வரிசைப் பாட்டி இருட்டில் போய்விடுவார். விளக்கைத் தள்ளி வைத்து, சக்தியைக் கூட்டி, எஃப் 8இல் எடுங்கள்.

மலைக்கோயில்

திருத்தணி மலையில் நடக்கும் கல்யாணங்களுக்கும் நம்மை அழைப்பார்கள். கோயில்களுக்குள் செல்போனுக்குத் தடை விதிக்கும்படி 2022 டிசம்பரில் உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. ஆகவே எங்கே எடுக்கலாம் என்று அலுவலகத்தில் கேட்டு அனுமதி வாங்கிய பிறகே கேமராவைத் திறவுங்கள். ஆடிக் கிருத்திகையில் காவடி எடுப்பவர்கள் விரதம் இருந்து வருகிறவர்கள். வழியை மறித்து நிற்காதீர்கள். அலகு குத்தியவரின் முகத்தைக் கிட்டே போய் எடுக்குமுன் கூட வருபவரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள்.

இணையத்தில் ஊர்ப் பெயரே விளம்பரம்

கூகுள் மேப்பில் கடையைப் பதிவு செய்வது இலவசம். பெயர், போன் எண், திறக்கும் நேரம், நல்ல பத்துப் படம் போதும். ஆல்பத்தைக் கையில் கொடுத்து அவர்கள் மகிழ்ந்திருக்கும் அன்றே, "ரெண்டு வரி எழுதுங்க அண்ணா" என்று கேளுங்கள். ஒரு மாதம் கழித்துக் கேட்டால் வராது. இன்ஸ்டாகிராமில் போடும் ஒவ்வொரு படத்துக்கும் மண்டபத்தின் ஊரையும் சடங்கின் பெயரையும் தமிழிலும் தெலுங்கிலும் எழுதுங்கள். நகரியில் இருக்கும் பெண்வீட்டார் தெலுங்கில்தான் தேடுவார்கள்.

பஞ்சாங்கத்தையும் கவனியுங்கள். தமிழர்கள் ஆடி முழுக்கக் கல்யாணம் வைப்பதில்லை. தெலுங்கர்களின் ஆஷாடமோ ஆடி அமாவாசையோடு முடிந்து, சிராவணம் தொடங்கிவிடும். ஆகவே ஆடி அமாவாசைக்குப் பிறகு அந்தப் பக்கம் முகூர்த்தம் இருக்கும். அதற்கான விளம்பரத்தை ஆனியிலேயே ஆரம்பியுங்கள்.

படத்தை வெளியிடும் முன் எழுத்தில் சம்மதம் வாங்குங்கள். 1957ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவின்படி, வேறு ஒப்பந்தம் இல்லாதவரை, பணம் கொடுத்து எடுக்கச் சொன்னவரே படத்தின் முதல் உரிமையாளர். முன்பணம் வாங்கும் ரசீதிலேயே இந்தச் சம்மதத்துக்கு ஒரு வரி சேர்த்துவிடலாம். பெண்வீட்டார் வேண்டாம் என்றால் அதோடு விட்டுவிடுங்கள். சிற்றூரில் நம்பிக்கைதான் அடுத்த கல்யாணத்தைக் கொண்டுவரும்.

பெருநகரத்துக்காரர்களோடு கருவியில் போட்டி போட நம்மால் முடியாது, தேவையும் இல்லை. இரண்டு மொழிச் சடங்கும் தெரிந்த ஆள் அவர்களிடம் குறைவு. அடுத்த முகூர்த்தத்துக்கு முன் புதுக் கேமராவின் விலையைப் பார்ப்பதை நிறுத்திவிட்டு, இரவில் ஒருமுறை மண்டபத்துக்குப் போய் எல்லா விளக்கையும் போடச் சொல்லிப் பாருங்கள்.