தகரக் கூரை: யாழ்ப்பாணம் நமக்குச் சொல்லும் பாடம்



தகரத்தைப் பற்றி நமக்கு யாரும் புதிதாகச் சொல்லித் தர வேண்டுமா என்று நீங்கள் கேட்கலாம். நம்மில் பலர் பிறந்தது, வளர்ந்தது எல்லாம் லயத்துத் தகரத்துக்குக் கீழேதான். மழை பெய்தால் பக்கத்தில் இருப்பவர் பேசுவது கேட்காது. குளிர்காலத்தில் விடியக்காலை தகரம் வியர்த்துப் பாயில் சொட்டும். ஆனி, ஆடிக் காற்றில் எந்தக் காம்பராவின் தகரம் கிளம்புமோ என்று ராத்திரி முழுக்கப் பயம். இதெல்லாம் நமக்குத் தெரிந்ததுதான். ஆனால் தகரம் ஏன் இப்படிச் செய்கிறது, அதை எப்படி வைத்துக்கொண்டால் நல்லது என்பதை ஒரு கலியாணத்துக்காக யாழ்ப்பாணக் குடாநாட்டுக்குப் போனபோதுதான் நான் யோசித்துப் பார்த்தேன்.

பருத்தித்துறைப் பக்கம் கடலோரக் கிராமம் ஒன்றில் தங்கினேன். அந்த வீட்டின் பத்தி தகரத்தால் ஆனது. ஆனால் தகரத்துக்கு மேலே கிடுகு வேய்ந்திருந்தார்கள். ஓட்டையை மறைக்கத்தான் என்று நினைத்து, வீட்டுக்கார அம்மாவிடம் கேட்டேன். "ஓட்டை இல்லைத் தம்பி, வெயிலுக்குத்தான். உது இல்லாட்டி மத்தியானத்தில உள்ளுக்கு இருக்கேலாது" என்றார். பின்வளவில் கழற்றி வைத்த பழைய தகரம் ஒன்று கிடந்தது. அதைப் பிடித்துத் தூக்கினேன். ஓரம் பிஸ்கட் மாதிரி கையோடு வந்துவிட்டது. போட்டு ஏழெட்டு வருஷம்தானாம்! நம்ம லயங்களில் அப்பா காலத்துத் தகரம் இன்னும் கிடக்கிறதே என்று எனக்கு ஆச்சரியமாக இருந்தது.

தகரம் ஏன் கறள் பிடிக்கிறது?

நாம் தகரம் என்று சொல்வது உண்மையில் மெல்லிய இரும்புத் தகடு. தகட்டை நெளித்தால் பலம் கூடும் என்று கண்டு, 1829இல் லண்டனில் ஹென்றி ரொபின்சன் பாமர் என்ற பொறியியலாளர் அதற்கு உரிமம் பெற்றார். 1837இல் பிரான்ஸ் நாட்டில் சொரெல் என்பவர் இரும்பை உருக்கிய நாகத்தில் தோய்த்துக் கறளைத் தடுக்கும் முறைக்கு உரிமம் பெற்றார். இந்த இரண்டும் சேர்ந்ததுதான் வெள்ளைக்காரன் காலத்தில் நம்ம தோட்டங்களுக்கு வந்த நெளித் தகரம்.

நாகப் பூச்சு இரும்புக்குக் காவல்காரன் மாதிரி. ஈரம் வந்தால் முதலில் நாகம் தன்னைக் கொடுக்கும். அது தீரும்வரை இரும்பு பிழைக்கும். மலைநாட்டில் மழை அதிகம் என்றாலும் காற்றில் உப்பு இல்லை. குடாநாட்டிலோ எந்தப் பக்கம் பார்த்தாலும் சில மைலில் கடல், அல்லது கடல்நீரேரி. உப்புக்காற்று நாகத்தைச் சீக்கிரம் தின்றுவிடும். பிறகு இரும்புக்குக் காவல் இல்லை.

இப்போது அலுமினியமும் நாகமும் கலந்து பூசிய தகடுகள் வருகின்றன. அந்தப் பூச்சில் பாதிக்கு மேல், அதாவது 55 வீதம், அலுமினியம். வெறும் நாகம் பூசியதைவிட இது பொதுவாக அதிக காலம் தாங்கும். கடைக்காரர் "எல்லாம் ஒன்றுதான்" என்று சொன்னால் நம்பிவிடாதீர்கள். பூச்சையும் கனத்தையும் கேளுங்கள். இன்னொன்று: கேஜ் நம்பர் கூடக்கூட தகரம் மெல்லிசு. நம்பர் பெரிது என்று சந்தோஷப்படக் கூடாது.

காற்று என்ன செய்யும்?

1964 டிசம்பரில் வட இலங்கையைத் தாக்கி, பாம்பன் பாலத்தைப் பெரிதும் சேதப்படுத்தி, தனுஷ்கோடியை அழித்த சூறாவளியைப் பற்றிப் பெரியவர்களிடம் கேட்டுப் பாருங்கள். காற்று கூரையை அமுக்கும் என்று நாம் நினைப்போம். உண்மையில் காற்று கூரைக்கு மேலே வேகமாகப் போகும்போது தகரத்தை மேல்நோக்கி இழுக்கிறது. திறந்த கதவு வழியாக உள்ளே புகுந்த காற்றோ கீழிருந்து தள்ளுகிறது. அதனால்தான் ஓரமும் மூலையும் முகடும் முதலில் கிளம்பும். நம்ம ஆளுங்க கல்லும் பழைய டயரும் ஏற்றி வைப்பது இதற்காகத்தான். ஆனால் தகரம் கிளம்பினால் அந்தக் கல் யார் தலையில் விழும் என்று யோசித்தோமா? பிள்ளைகள் தூங்கும் இடத்துக்கு மேலே கல் வைப்பது ஆபத்து.

இரும்பு வீடு வேண்டாம் என்றவர்கள்

யாழ்ப்பாணத்தார் தகரத்துக்குக் கீழே பட்ட கஷ்டமும் கொஞ்சநஞ்சமல்ல. 1990இல் வலிகாமம் வடக்கிலிருந்து இடம்பெயர்ந்த குடும்பங்கள் பல, சுன்னாகம், மல்லாகம் பக்கத்து முகாம்களில் 25 வருஷத்துக்கு மேல் தகரக் கொட்டிலிலும் ஓலைக் கொட்டிலிலும் இருந்தன. 2009இல் யுத்தம் முடிந்து ஊர் திரும்பியவர்களுக்கும் முதலில் கிடைத்தது தகரம்தான்.

அப்படிப்பட்ட மக்களுக்காக 2015, 2016ஆம் ஆண்டுகளில் அரசாங்கம் ஒரு திட்டம் கொண்டுவந்தது. வடக்கு கிழக்கில் 65,000 வீடுகள், இரும்பினால் செய்து கொண்டுவந்து பூட்டுவது. பத்திரிகைகள் இதைப் பொருத்து வீடு என்று எழுதின. ஒரு வீட்டுக்குச் செலவு 21 இலட்சம் ரூபாவுக்கு மேல். அதற்கு முன் இந்திய உதவித் திட்டத்தில், வீட்டுக்காரரே கல்லும் சீமெந்தும் கொண்டு கட்ட வடக்கு கிழக்கில் கொடுக்கப்பட்டது ஐந்தரை இலட்சம் ரூபா.

வீடில்லாதவன் எதையும் வாங்கிக்கொள்வான் என்றுதான் பலர் நினைத்தார்கள். ஆனால் மக்கள் பிரதிநிதிகளும் பொறியியல் அறிஞர்களும் கேள்வி கேட்டார்கள். அத்திவாரம் போதுமா? கூரையைத் தாங்கும் சட்டங்கள் போதுமா? கறள் பிடிக்காதா? வெப்பம் போக வழி என்ன? விறகு அடுப்பு எங்கே வைப்பது? பிள்ளைக்குக் கலியாணம் ஆனால் இன்னொரு அறை கூட்டிக் கட்ட முடியுமா? ஊர் மேசனுக்கும் தச்சனுக்கும் இதில் வேலை உண்டா? இவற்றுக்குத் திருப்தியான பதில் வரவில்லை. 65,000 வீட்டுத் திட்டம் அந்த அளவில் நடக்கவே இல்லை.

அண்ணன்மாரே, அக்காமாரே, இதை அரசியலுக்காக எழுதவில்லை. நமக்கும் புது வீட்டுத் திட்டங்கள் வருகின்றன. "கிடைப்பதே பெரிசு" என்று தலையாட்டாமல், கையெழுத்துப் போடுமுன் நாமும் இதே கேள்விகளைக் கேட்கலாம். கேட்பது நன்றி கெட்ட செயல் அல்ல. அந்த வீட்டில் நம்ம பேரப்பிள்ளைகளும் இருக்கப் போகிறார்கள்.

இருக்கும் தகரத்தைக் காப்பாற்ற

1. ஆணியைத் தகரத்தின் மேட்டு நெளியில் அடிக்க வேண்டும். பள்ளத்தில் அடித்தால் தண்ணீர் இறங்கும். ரப்பர் வாசர் போட்ட ஸ்க்ரூ ஆணி மிக நல்லது.

2. ஓரத்திலும் முகட்டிலும் ஆணியை நெருக்கமாக அடியுங்கள். மரச் சட்டத்தைச் சுவரோடு இரும்புப் பட்டியால் கட்டுங்கள். சட்டம் சுவரோடு நிற்காவிட்டால் எத்தனை ஆணி அடித்தும் பயனில்லை.

3. பக்கத்துத் தகரத்தின் மேல் ஒன்றரை நெளியாவது ஏறி இருக்க வேண்டும். மேலும் கீழும் சேரும் இடத்தில் ஆறு அங்குலம். காற்று அடிக்கும் திசைக்கு எதிர்ப் பக்கத்திலிருந்து போட்டு வந்தால், காற்று இடுக்கில் நுழையாது.

4. தகரத்தின் மேல் தேங்கும் இலை குப்பையைக் கூட்டித் தள்ளுங்கள். ஈரக் குப்பைக்குக் கீழேதான் கறள் ஆரம்பிக்கும். சிறு கறளைத் தேய்த்து, கறள் தடுக்கும் பெயின்ட் அடியுங்கள்.

5. அடுப்புப் புகைக்கு வெளியேற வழி வையுங்கள். புகைக் கரியும் ஈரமும் சேர்ந்தால் தகரம் உள்பக்கமிருந்தே கெடும். நம்ம நெஞ்சுக்கும் அது கேடு.

6. வெப்பமான இடத்தில் வெள்ளைப் பெயின்டும், குளிர் இடத்தில் தகரத்துக்குக் கீழே சீலிங்கும் உதவும். சீலிங் இருந்தால் வியர்வைத் தண்ணீர் நேராகப் பாயில் விழாது.

7. மின்சார வயர் தகரத்தில் படவே கூடாது. தகரத்தைத் தொட்டால் விறுவிறுப்புத் தெரிந்தால், உடனே மெயின் சுவிட்சை நிறுத்தி ஆபீசுக்கு அறிவியுங்கள்.

காற்றுக்காலம் தொடங்குமுன் ஒரு ஞாயிற்றுக்கிழமை லயத்து ஆட்கள் எல்லோரும் கூடி, ஒவ்வொரு காம்பராவின் கூரையையும் பாருங்கள். ஒரே வரிசைக் கூரைதானே! கடைசிக் காம்பராவில் கிளம்பும் தகரம் நடுக் காம்பராவையும் விடாது. தளர்ந்த ஆணி, ஓட்டைத் தகரம், உளுத்த சட்டம் எத்தனை என்று எழுதி, தலைவரும் நாலு பேருமாக ஆபீசில் கொடுங்கள். கொடுத்த கடிதத்துக்கு ஒரு பிரதி வைத்துக்கொள்ள மறக்காதீர்கள்.