நம் கதையும் பிறர் மானமும்



2015 டிசம்பர் 1 இரவு செம்பரம்பாக்கம் ஏரி திறக்கப்பட்டதையும், 2020 ரமலானில் பள்ளிவாசல்கள் மூடியிருக்க வீட்டிலேயே தராவீஹ் தொழுததையும் பூந்தமல்லி, ஆவடி, அம்பத்தூர் வட்டாரத்தில் நாம் மறக்கவில்லை. வேலை போன கதை, கடனில் சிக்கி மீண்ட கதை என்று வீட்டுக்கு ஒன்றாவது இருக்கிறது. இஷாவுக்குப் பின் கூடி அமர்ந்து, ஒருவர் தமக்கு நடந்ததைச் சொல்ல மற்றவர்கள் காது கொடுத்துக் கேட்பது நல்ல வழக்கம். ஆனால் நம் கதையில் பிறரும் வருகிறார்கள். உண்மையை மறைக்கவும் கூடாது; பிறர் மானத்தைக் கெடுக்கவும் கூடாது. இரண்டையும் எப்படிக் காப்பது?

கஅப் இப்னு மாலிக் (ரலி) அவர்கள் இதற்கு வழிகாட்டுகிறார்கள். ஹிஜ்ரி 9-ஆம் ஆண்டு தபூக் பயணத்துக்கு அவர்கள் போகவில்லை. கனிகள் பழுத்து, நிழல் இனித்த பருவம் அது. ‘நாளை கிளம்பலாம்’ என்றே நாட்கள் ஓடிவிட்டன. நபி (ஸல்) அவர்கள் திரும்பி வந்ததும், போகாமல் இருந்த எண்பதுக்கும் மேற்பட்டோர் ஏதேதோ காரணம் சொன்னார்கள். நாவன்மை மிக்க கஅப் அவர்களோ, தமக்கு எந்தக் காரணமும் இல்லை என்ற உண்மையைச் சொன்னார்கள். ஐம்பது நாட்கள் ஊரே அவர்களோடு பேசவில்லை. பிறகு அவர்களுடைய தவ்பா ஏற்கப்பட்ட செய்தி குர்ஆனிலேயே இறங்கியது.

இந்த நிகழ்ச்சியைக் கஅப் அவர்களே பிற்காலத்தில் சொன்னார்கள். முதுமையில் பார்வை இழந்த தந்தையைக் கைபிடித்து அழைத்துச் சென்ற மகன் அப்துல்லாஹ் அதைக் கேட்டு நமக்கு அறிவித்தார். புகாரி, முஸ்லிம் இரண்டிலும் அது இடம்பெற்றுள்ளது.

அவர்கள் சொன்ன விதத்தைக் கவனிப்போம். முதலில், தம் தவறைத் தம் மேலேயே போட்டுக்கொண்டார்கள். அப்போது இருந்ததைப்போல உடல்வலிமையும் வசதியும் தமக்கு என்றுமே இருந்ததில்லை என்று ஒப்புக்கொண்டார்கள்.

அடுத்து, தபூக்கில் தம்மைக் குறைகூறிப் பேசியவரை ‘பனூ சலமாவைச் சேர்ந்த ஒருவர்’ என்று மட்டும் சொன்னார்கள். தமக்காகப் பரிந்து பேசிய முஆத் (ரலி) அவர்களையும், மன்னிப்புச் செய்தி வந்தபோது எழுந்து ஓடிவந்து கைகுலுக்கிய தல்ஹா (ரலி) அவர்களையும் பெயர் சொல்லி நினைவுகூர்ந்தார்கள். நன்மை செய்தவருக்குப் பெயர் உண்டு. புண்படுத்தியவர் ‘ஒருவர்’ மட்டுமே.

நமக்கு இதில் கூடுதல் கவனம் வேண்டும். பெயரை விட்டுவிட்டு ‘மாவு மில்லுக்கு எதிர்வீட்டுக்காரர்’ என்றால், மஹல்லாவில் யாருக்குத்தான் தெரியாது? வெள்ளத்தன்று கதவைத் திறக்காதவரைப் பற்றிச் சொல்லாமலே, திறந்தவரைப் பற்றிச் சொல்லிக் கதையை முடிக்கலாம். புறம் என்பது பொய்யல்ல. நடந்த உண்மையையே ஒருவர் வெறுக்கும்படி அவர் இல்லாத இடத்தில் சொல்வதுதான் புறம்.

இன்னொன்று: கஅப் அவர்களின் தவறு ஊர் அறிந்தது. அல்லாஹ் மூடி மறைத்த நம் பாவங்களை நாமே சபையில் திறந்து காட்டுவதை நபி (ஸல்) அவர்கள் கண்டித்துள்ளார்கள். அவை தவ்பாவுக்கு உரியவை, மேடைக்கு உரியவை அல்ல.

கேட்பவர்களுக்கும் கடமை உண்டு. சபையில் கேட்டது அமானிதம். கைப்பேசியில் பதிந்து வாட்ஸ்அப்பில் அனுப்புவது அந்த அமானிதத்தை முறிப்பதாகும். அழுதுகொண்டே சொல்பவருக்கு அறிவுரை கூற அவசரப்படாமல், துஆ செய்வோம்.

சிந்திக்க:
1. நம் கதையில் யாருக்கு இன்னும் நன்றி சொல்லாமல் இருக்கிறோம்?
2. நம் கதையில் வருபவர் முன்வரிசையில் அமர்ந்திருந்தால், அதை இப்படியே சொல்வோமா?